கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம்: 1974 அம்பாசடரா, 1986 பத்மினியா?

கோட்டையூர்வாசி:

வணக்கம். எங்கள் வீடு கோட்டையூரில் இருக்கிறது. ஐயா (தாத்தா) காலத்து வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டை ஒட்டி வில்வண்டிக்காகக் கட்டிய ஓட்டுக் கொட்டகையில்தான் எங்கள் இரண்டு பழைய கார்களும் நிற்கின்றன. போன ஐப்பசி மழையில் கொட்டகையின் ஒரு பக்கச் சுவர் சாய்ந்துவிட்டது. பங்காளிகள் கூடிப் பேசி அந்தப் பாதியை இடித்துவிடுவது என்று முடிவாயிற்று. இனி ஒரு வண்டிக்குத்தான் நிழல். இன்னொன்றை வெயிலில் போட்டுத் துருப்பிடிக்கவிட மனம் இல்லை. நல்ல கையில் கொடுத்துவிட வேண்டும்.

ஒன்று 1974 அம்பாசடர் மார்க் 2. ஐயா புதிதாக எடுத்தது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். இன்னொன்று 1986 பிரீமியர் பத்மினி, அப்பச்சி (அப்பா) வாங்கியது. 1089 சிசி. பத்மினி என்று பெயர் எழுதியிருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அது பியட்தான்.

இரண்டும் ஓடும் நிலையில் உள்ளன. அன்றாட வேலைக்கு ஒரு புது வண்டி தனியாக இருக்கிறது. ஆனாலும் வாரம் ஒருமுறை காரைக்குடி, மாதம் ஒருமுறை புதுக்கோட்டை, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையோடு பழனி என்று பழைய வண்டியை ஓட்டுகிறவன் நான். துணி போர்த்திக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை.

இழுவை, சாலையில் பிடிப்பு, பராமரிப்பு, இந்த மூன்றையும் அனுபவத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதை வைத்துக்கொள்ளலாம்?

புதுகை டாக்சி:

யோசிக்கவே வேண்டாம் தம்பி, அம்பாசடரை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை ஸ்டாண்டில் 16 வருடம் அம்பாசடர் ஓட்டியவன் நான். கல்யாண சீசனில் உள்ளே எட்டுப் பேர், டிக்கியில் சீர்ச் சாமான், மேலே கேரியரில் பாய்மூட்டை. அந்தப் பாரத்தோடு கீரனூர் தாண்டித் திருச்சிக்குப் போயிருக்கிறேன். அந்த எஞ்சினுக்கு வேகம் கிடையாது, ஆனால் இழுவை உண்டு. டாப் கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போய், வழி கிடைத்ததும் கியரை மாற்றாமலே முன்னேறலாம். பியட்டில் அதைச் செய்தால் எஞ்சின் திணறும். மூன்றாவதுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார், பின்பக்கம் லீப் பட்டை, 15 அங்குல வீல். செம்மண் ரோட்டில் குழியே தெரியாது. ஒருமுறை நார்த்தாமலைப் பக்கம் ரோடே இல்லாத இடத்தில் கல்யாண வீட்டார் இறங்கச் சொன்னார்கள். வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன்.

எங்கள் ஸ்டாண்டில் இரண்டு பியட் டாக்சி இருந்தன. ஓட்டுபவர்கள் நல்ல கைக்காரர்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் ரேடியேட்டர் கொதித்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போகாத வருடம் இல்லை. நீங்கள் பழனிக்குக் காவடியோடு ஊர்ந்து போகிறவர். அந்த வேலைக்குப் பியட் வேண்டாம்.

கானாடுகாத்தான் ஆச்சி:

இரண்டையும் ஓட்டியவள் என்பதால் சொல்கிறேன்.

1979இல் அப்பச்சியின் அம்பாசடரில்தான் வண்டி ஓட்டப் பழகினேன். எங்கள் ஊர்த் தெருக்கள் அகலமானவை, பழகுவதற்கு வாகு. ஆனால் நிற்கிற வண்டியில் அந்தப் பெரிய ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேலை செய்ய வேண்டும். கிளட்சை அழுத்துவதற்குச் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்காருவேன். 1984இல் எங்கள் வீட்டில் பியட் வந்தது. முதல் நாளே தெரிந்துவிட்டது, இது என் கைக்கு ஏற்ற வண்டி என்று.

பியட் 900 கிலோவுக்குள் அடங்கும். அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல். குதிரைத்திறனைப் பார்த்தால் பியட்டுக்கு 40ஐ ஒட்டி, அம்பாசடருக்கு 50ஐ ஒட்டி. எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் 'பெரிய எஞ்சின்' என்று சொல்வது பாதி உண்மை. அம்பாசடர் சுமையோடு இழுக்கும். பியட் சுமை இல்லாதபோது துள்ளிக்கொண்டு போகும். எஞ்சினைச் சுற்றவிட்டு ஓட்டினால் அது மகிழ்ச்சியாக ஓடும்.

திருமயம் போகும் பழைய ரோட்டில் கண்மாய்க் கரை ஓரமாக வளைவுகள் வரும். அம்பாசடர் அங்கே ஒரு பக்கம் சாயும், பின்சீட்டில் இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். பியட் தாழ்வாக உட்கார்ந்து வளைவோடு போகும். முன்பக்கம் காயில் ஸ்பிரிங், அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

புதுகை அண்ணன் சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வயதானவர்கள் ஏறி இறங்க அம்பாசடர்தான். நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காரலாம். என் மாமியார் கடைசிவரை பியட்டில் ஏறும்போது 'பள்ளத்தில் இறங்குகிற மாதிரி இருக்கு' என்பார்கள். உங்கள் ஆத்தா உங்களோடு இந்த வண்டியில் வருவார்களா தம்பி? அதையும் சொல்லுங்கள்.

செக்காலை பட்டறை:

ஆச்சி சொன்னதும் சரி, புதுகை அண்ணன் சொன்னதும் சரி. நான் பராமரிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1981இல் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தது முதல் இந்த இரண்டு வண்டிகளின் அடியில்தான் பாதி வாழ்க்கை போயிற்று.

அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3. வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்தார்கள். பத்மினியின் மூலம் இத்தாலியின் பியட் 1100 டி. பம்பாய் குர்லாவில் செய்தார்கள், பத்மினி என்ற பெயர் 1974இல் வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றைக் கட்டியவர்கள் 'யார் கையில் கொடுத்தாலும் தாங்க வேண்டும்' என்று கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றைக் கட்டியவர்கள் 'சரியாக வைத்திருப்பார்கள்' என்று நம்பிக் கட்டியிருக்கிறார்கள். வேலை செய்யும்போது கைக்கு அது தெரியும்.

அம்பாசடரில் ஹெட், பிளாக் இரண்டும் வார்ப்பிரும்பு. ஒருமுறை கொதித்தால் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் போய்விடலாம். பியட்டில் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், லேத்துக்குப் போய்த் தளம் சீவ வேண்டும். இரண்டு மூன்று முறை சீவிய ஹெட்டை அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

முன் சக்கர வேலையில் இரண்டும் கிரீஸ் கேட்கும். நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் கன் வைத்தால் பல வருடம் சத்தம் போடாது. பியட்டில் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் புஷ் தேய்ந்தால் ஸ்டீயரிங் ஆடும். பலர் உடனே ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அது திருகுப் பல் கொண்ட வார்ம் வகை பாக்ஸ். நேராகப் போகும்போது கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அதை அளவுக்கு மேல் இறுக்கினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது, பல்லும் போய்விடும். முதலில் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கிங்பின்னா பாக்ஸா என்று தெரிந்துவிடும். அம்பாசடருக்கு ரேக் அண்ட் பினியன், அதாவது பல்சக்கரம் நேராகப் பல்சட்டத்தை நகர்த்தும் வகை. கனமாக இருக்கும், ஆனால் ஆட்டம் குறைவு. அந்தக் காலத்துக்கு அது நல்ல விஷயம்.

அம்பாசடரின் முன்பக்கம் இறங்கினால் டார்ஷன் பாரின் பின்முனையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி உயரத்தைச் சரிசெய்யலாம். புதுச் சாமான் வேண்டாம். பியட்டில் காயில் ஸ்பிரிங் அமுங்கினால் வேறு போட வேண்டியதுதான்.

பிரேக்கில் ஒரு எச்சரிக்கை. உங்கள் 1974 மாடல் அம்பாசடரில் பிரேக் ஆயிலுக்கு ஒரே பாதை. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பெடல் போய்விடும். வருடம் ஒருமுறை நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்க்காமல் பழனிக்குப் போகாதீர்கள்.

சாமான் கிடைக்குமா என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்றும் கிடைக்கிறது. எஞ்சின் சாமான் கவலை இல்லை. அம்பாசடர் அண்மைக் காலம்வரை ஓடிய வண்டி என்பதால் இன்னும் கொஞ்சம் சுலபம். கண்ணாடி, கதவு ரப்பர், பித்தளை எழுத்து, இவைதான் இரண்டுக்கும் அலைய வைக்கும்.

என் முடிவைக் கேட்டால், வண்டியை அடிக்கடி கவனிக்க நேரம் இருந்தால் பியட். இல்லையென்றால் அம்பாசடர்.

திருப்பத்தூர் சக்கரம்:

அம்பாசடரை வைத்துக்கொண்டு அதில் 1800 சிசி இசுசு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் மாட்டிவிட்டால் என்ன? 90களில் கம்பெனியே அப்படித்தானே விற்றது? வேகமும் வரும், இப்போதைய பெட்ரோலுக்கும் ஒத்துவரும்.

செக்காலை பட்டறை:

மாட்டலாம் தம்பி, நானே இரண்டு வண்டிக்கு மாட்டியிருக்கிறேன். ஆனால் 1974 வண்டிக்கு வேண்டாம். அந்த எஞ்சினின் வேகத்துக்கு இந்த டிரம் பிரேக் போதாது. எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதைவிட, 51 வருடம் ஒரே எஞ்சினோடு வந்த வண்டி அது. அதைக் கலைத்துவிட்டால் திரும்ப வராது.

அரிமானம்:

இந்த இழையில் எல்லோரும் பியட் கொதிக்கும் என்கிறார்கள். ஏன் கொதிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உலோக அரிமானத்தோடு, அதாவது உலோகம் அரித்துப்போவதோடு, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடமும் ஒரு பியட் இருந்தது. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் பகுதியில் ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம்? பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். சூடாகும்போது அவை படிந்து எஞ்சினுக்குள் சுண்ணாம்புபோல் ஒட்டும். வீட்டில் வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. எஞ்சின் உள்ளே சூடு, ரேடியேட்டரில் அந்தச் சூடு வந்து சேராது.

அடுத்தது குளோரைடு. பியட்டில் அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்பு பிளாக்கும் ஒரே தண்ணீரில் நனைகின்றன. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு மின்கலம். அதில் அலுமினியம்தான் கரையும். கேஸ்கெட்டின் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி ஹெட்டில் பள்ளம் பள்ளமாக விழுந்திருப்பதைப் பட்டறைக்காரர் பார்த்திருப்பார். கேஸ்கெட் அந்த இடத்தில் அழுந்திப் பிடிக்க முடியாமல் கசிகிறது. தண்ணீர் குறைகிறது. அதன்பிறகுதான் வண்டி கொதிக்கிறது, ஹெட் வளைகிறது.

அம்பாசடரில் இரண்டும் இரும்பு என்பதால் இந்த மின்கலம் அந்த இடத்தில் உருவாவதில்லை. துரு மட்டும் வரும், படிவு மட்டும் சேரும். அதனால் அது தாங்குகிறது.

என் பியட்டில் வாலைவடிநீரும் (டிஸ்டில்டு வாட்டர்) கூலன்ட்டும் கலந்து ஊற்றினேன். 11 வருடம் ஹெட்டைக் கழற்றவில்லை. அந்த வண்டியும் இதே காரைக்குடி வெயிலில்தான் ஓடியது.

செக்காலை பட்டறை:

ஐயா சொல்லும் பள்ளத்தை நூறு ஹெட்டிலாவது பார்த்திருக்கிறேன். வெல்டிங் வைத்துச் சீவியும் கொடுத்திருக்கிறேன். இத்தனை நாளாக அதை மட்டமான வார்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

கோட்டையூர்வாசி:

ஐயா, நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் வளவில் (முற்றத்தில்) விழும் மழைத் தண்ணீரைத் தகரக் குழாய் வழியாக அண்டாவில் பிடித்து வைப்பது வழக்கம். அப்பச்சி எப்போதும் அந்தத் தண்ணீரைத்தான் பியட்டுக்கு ஊற்றுவார், அம்பாசடருக்குக் கிணற்றுத் தண்ணீர். ஏன் என்று கேட்டதில்லை. மழைத் தண்ணீர் மட்டும் போதுமா?

அரிமானம்:

உங்கள் அப்பச்சி சரியாகத்தான் செய்திருக்கிறார். மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, படிவு சேராது. ஆனால் அது மட்டும் போதாது. அதில் காற்று கரைந்திருக்கும், இரும்பு துருப்பிடிக்கும். கூலன்ட்டின் பெரிய பயன் உறைபனியைத் தடுப்பது என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். நமக்குப் பனி இல்லை. அதில் கலந்திருக்கும் அரிமானத் தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி வாலைவடிநீர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். வழியில் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பாதீர்கள். ஐந்து லிட்டர் கேனில் கலந்து டிக்கியில் வைத்திருங்கள்.

தேவகோட்டை பங்காளி:

அண்ணே, இதை வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் எழுதுவதைப் படித்தபிறகு நானும் இங்கேயே எழுதுகிறேன்.

அம்பாசடரை வெளியில் கொடுப்பதாக இருந்தால் எனக்குக் கொடுங்கள். என் வீட்டில் மூடிய கொட்டகை இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏழு பேர். கோயிலுக்குப் போனாலும் விசேஷத்துக்குப் போனாலும் இரண்டு வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. சின்ன வயதில் அந்த வண்டியின் முன்சீட்டில் ஐயாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து இளையாற்றங்குடி போனது நினைவிருக்கிறது. அந்த வண்டியை விலைக்கு வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி. விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. 50 வருடம் தாண்டியதால் ஏதோ தனிப் பதிவு எடுக்கலாமாமே?

புதுகை டாக்சி:

அதை நான் சொல்கிறேன். 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தார்கள். 50 வருடம் தாண்டி, வண்டியின் பாடியை மாற்றாமல் இருக்க வேண்டும். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், 10 வருடம் செல்லும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும் பட்டறைக்கும் மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவருக்கு அது சரிவராது. சாதாரண ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600இலிருந்து 5,000 ஆனது. 2025இல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செல்வந்தர்கள் அல்ல. இது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கட்டிவிடுங்கள், ஆர்.சி. காலாவதியாக விட்டுவிட்டால் அலைச்சல் இன்னும் அதிகம்.

கோட்டையூர்வாசி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பேசிக்கொண்டே இருப்பதைவிட ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, நகரத்தாரின் குலக் கோயில்களான ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் சுற்றி வந்தேன். ஒரு சனிக்கிழமை அம்பாசடரில், அடுத்த சனிக்கிழமை பியட்டில். இரண்டு முறையும் ஆத்தாவும் என் மகளும் உடன் வந்தார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி மாத்தூர், இலுப்பைக்குடி முடித்து, வேலங்குடி, சூரக்குடி, நேமம், பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று போய், கடைசியில் இரணியூரும் இளையாற்றங்குடியும்.

அம்பாசடர் முதலில். ஆத்தா முன்சீட்டில் தானாக ஏறி, தானாக இறங்கினார்கள். ஊர்களுக்கு உள்ளே போகும் சின்ன ரோடுகளில், ஓரத்தில் மண் அரித்துப்போன இடங்களில், டயரை ரோட்டைவிட்டு இறக்கி ஏற்றினால்கூடத் தூக்கிப் போடவில்லை. புதுகை அண்ணன் சொன்ன டாப் கியர் இழுவை உண்மை. நேமம் பக்கம் ஆட்டு மந்தைக்குப் பின்னால் ஊர்ந்து போய் அப்படியே வேகம் எடுத்தேன். ஆனால் திருப்பத்தூர் பெரிய ரோட்டில் 70ஐத் தாண்டினால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. லாரி பக்கத்தில் கடந்துபோனால் வண்டி ஒரு அடி நகர்கிறது. மதியத்துக்குமேல் ஒவ்வொரு கோயில் வாசலிலும் வண்டியைத் திருப்பித் திருப்பித் தோள் வலி எடுத்துவிட்டது. லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே கிடைத்தது. ஒரு விஷயம் கவலையாக இருந்தது. சும்மா நிற்கும்போது எஞ்சின் சீராக இல்லை, ஒரு நடுக்கம். வால்வைத் திறக்கும் டேப்பட்டின் சத்தமும் முன்பு இருந்த அளவுக்கு இல்லை.

அடுத்த வாரம் பியட். கிளம்புவதற்கு முன்பு அரிமானம் ஐயா சொன்னபடி பழைய தண்ணீரை இறக்கினேன். மழைத் தண்ணீர்தான் என்றாலும் துருநிறத்தில் வந்தது. நான்கு முறை அலசிவிட்டுக் கூலன்ட் கலவை ஊற்றினேன். அந்த நாள் நல்ல வெயில். பிள்ளையார்பட்டியில் கூட்டம், முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். வெப்பமுள் நடுவைத் தாண்டவில்லை.

ஓட்டுவதற்கு, ஆச்சி, நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. வளைவுக்கு முன் மூன்றாவதுக்கு இறங்கி, வளைவில் ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுத்துக்கொண்டே வெளியே வரும்போது, இந்த வண்டிக்கு 39 வயது என்று நம்ப முடியவில்லை. குழியில் கொஞ்சம் உதறுகிறது. இரணியூர் போகும் வழியில் ஒரு வேகத்தடையில் அடி தட்டியது. லிட்டருக்கு 13 கிடைத்தது. ஆத்தாவை ஏற்றி இறக்க ஒவ்வொரு முறையும் நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது கோயிலில் பதினெட்டு முறை.

மதியம் ஒரு சிக்கல். வைரவன்பட்டியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து கிளப்பினால் பிடிக்கவில்லை. பெட்ரோல் பம்பில் ஆவி கட்டிக்கொண்டது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தபின் கிளம்பியது.

பட்டறை அண்ணே, இந்த இரண்டு விஷயத்துக்கும் பதில் வேண்டும்.

செக்காலை பட்டறை:

பம்ப் விஷயம் முதலில். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியில் ஆவி கட்டுவது முன்பும் உண்டு, இப்போது கூடுதல். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தடித்த தடுப்பு அட்டை இருக்க வேண்டும், உங்கள் வண்டியில் யாரோ மெல்லியதைப் போட்டிருப்பார்கள். பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் போகாமல் திருப்புங்கள். பம்பின் உள்ளே இருக்கும் ரப்பரையும் ஹோசையும் எத்தனாலைத் தாங்குகிற வகையாக மாற்றுங்கள். பழைய ரப்பர் உப்பி, கிழிந்து, பெட்ரோல் ஆயிலில் இறங்கும். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும். இல்லையென்றால் எத்தனால் கலவையில் காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருள் சேராமல் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பழைய பெட்ரோலை விடாதீர்கள், அது ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவாக்கும்.

அம்பாசடரை நாளை காலை கொண்டுவாருங்கள். டேப்பட் சத்தம் குறைந்தது என்றால் மகிழ்ச்சி அடையாதீர்கள், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

செக்காலை பட்டறை:

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தாயிற்று. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய சிலிண்டர்கள் 110ஐ ஒட்டி. மூன்றாவது சிலிண்டர் 75. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், ஏறவே இல்லை. ஆகவே பிஸ்டன் ரிங் கோளாறு இல்லை, வால்வுதான். டேப்பட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்க வேண்டிய இடத்தில் எக்சாஸ்ட் பக்கம் ஐந்துகூட இல்லை.

காரணம் இதுதான். அந்த ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் தனி வளையம் அல்ல, வார்ப்பிரும்பிலேயே சீவியது. பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் அந்த இடத்துக்கு ஒரு மெத்தைபோல இருந்தது. 2000இல் ஈயம் நின்றது. அதற்குப்பின் பாரம் ஏற்றி ஓட்டினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்குள் இறங்கும். இறங்க இறங்க இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். கடைசியில் வால்வு மூடவே மூடாது. பியட்டின் அலுமினிய ஹெட்டில் ஆரம்பத்திலேயே கெட்டியான வளையம் பதித்திருப்பதால் இந்த நோய் அதற்கு இல்லை.

ஹெட்டைக் கழற்றி எக்சாஸ்ட் நான்குக்கும் கெட்டி வளையம் பதித்துவிட்டால் அடுத்த தலைமுறைவரை கவலை இல்லை. மதுரையில் நல்ல லேத் இருக்கிறது.

கானாடுகாத்தான் ஆச்சி:

இதைப் படித்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தாங்கும் தாங்கும் என்று அம்பாசடரை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். தம்பி, யாரிடம் போனாலும் முதலில் அந்த ஹெட்டைப் பாருங்கள்.

கோட்டையூர்வாசி:

முடிவு செய்துவிட்டேன்.

பியட் என்னிடம் இருக்கும். நான் தனியாக, அல்லது மகளோடு ஓட்டும் கிலோமீட்டர்தான் அதிகம். அந்தக் கிலோமீட்டருக்கு அது நல்ல வண்டி. மகள் அடுத்த வருடம் லைசென்ஸ் எடுக்கிறாள், அந்த ஸ்டீயரிங் அவளுக்குப் பழகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பானட்டைத் திறந்து நிற்க என்னால் முடியும் என்பது இந்த மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. பழனிக்கு ஊர்வதில் எனக்கு இருந்த பயமும் பிள்ளையார்பட்டி வாசலில் போய்விட்டது.

அம்பாசடர் தேவகோட்டைக்குப் போகிறது. ஏழு பேர் உள்ள வீட்டில் அது இருக்க வேண்டும். பணம் வாங்கவில்லை. ஹெட் வேலை செலவில் பாதி என்னுடையது என்று பேசிக்கொண்டோம். ஆத்தாவிடம் சொன்னபோது, 'இளையாற்றங்குடிக்குப் போகும்போது அவன் வந்து என்னை அதில் கூட்டிப் போகட்டும்' என்றார்கள். தம்பி, இது உன் பொறுப்பு.

தேவகோட்டை பங்காளி:

ஆத்தாவை நானே வந்து அழைத்துப் போகிறேன் அண்ணே.

நேற்று மாலை வண்டி தேவகோட்டை வந்து சேர்ந்தது. 50க்கு மேல் போகாமல், பட்டறை அண்ணன் சொன்னபடி டாப் கியரில் அழுத்தாமல் கொண்டுவந்தேன். ஹெட் இறக்கியாயிற்று. மூன்றாவது எக்சாஸ்ட் வால்வு கண்ணால் பார்த்தாலே பள்ளத்தில் இருப்பது தெரிகிறது. திங்கட்கிழமை மதுரைக்குக் கொண்டு போகிறேன். நான்கு வீலுக்கும் சிலிண்டர் புதிது சொல்லியிருக்கிறேன். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் கைவிட்டால் சேறு மாதிரி துரு வருகிறது. அரிமானம் ஐயா, இரண்டும் இரும்பு என்பதால் இந்த வண்டிக்குக் கிணற்றுத் தண்ணீரே போதுமா, இல்லை இதற்கும் கூலன்ட் வேண்டுமா?

அரிமானம்:

இதற்கும் வேண்டும். அதே அளவு, அதே வாலைவடிநீர். ஹெட் வெளியே இருக்கும்போதே பிளாக்கின் பக்கத்து வடிகால் திருகைக் கழற்றி, கம்பியால் குத்தித் துருவை வெளியேற்றிவிடுங்கள். அந்தத் துளை பெரும்பாலும் அடைத்திருக்கும். அது திறந்து தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசியபிறகு புது கேஸ்கெட்டைப் போடுங்கள்.